இரண்டு கையும் நீட்டி

யாத்திரை ஊரில் பிறந்தவனுக்கு யாத்திரை போகத் தெரியாது. அடுத்தவரைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் எங்களுக்குச் சங்குக் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற நல்ல சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போய் வளையலாகிவிடும். மிச்சம் மீதிதான் எங்கள் மாதிரிக் கடைகளில் ஊதுசங்காகவும் பெயர் பொறித்த சங்காகவும் சோழி மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். இங்கிருந்து மணல் எடுத்துக்கொண்டு காசிக்குப் போகிறவர்கள், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவருகிறவர்கள், இவர்கள்தான் எங்களுக்குச் சோறு. எந்த மாதம் எந்த மாநிலத்துக் கூட்டம் வரும், யார் பேசாமல் காசைக் கொடுப்பார்கள், யார் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு போவார்கள், எல்லாம் அத்துப்படி. இந்தி எழுதப் படிக்கத் தெரியாது. வியாபாரத்துக்கு வேண்டிய இந்தி சரளமாக வரும்.

இப்படி வளர்ந்தவனுக்குக் கோயில் என்பது கடைக்கு எதிர்ப்பக்கம். இருபத்திரண்டு தீர்த்தமும் எனக்கு மனப்பாடம், ஆனால் சொந்தக்காரர்களை அழைத்துப் போகும்போது மட்டும்தான் தலையில் தண்ணீர் விழும். வெளியூர்க் கோயிலுக்குப் போனாலும் பிரகாரத்தில் நிற்கிற கடைக்காரன் என்ன விலை சொல்கிறான் என்றுதான் காது போகும்.

எங்கள் தீவில் ஒரு குருத்வாரா இருக்கிறது. குருநானக் தாம் என்று பெயர். சீக்கியர்கள் கடைக்கு வந்து வழி கேட்டால் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவேன், ஆட்டோக்காரரிடம் நியாயமான வாடகை வாங்கச் சொல்வேன். என் பங்கு அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது, பஞ்சாப்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து அங்கே ஏன் போகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது அவர்கள் கோயில், நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயிலெல்லாம் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் சரி. அங்கிருந்து பஸ் பிடித்து வந்தால்தான் உண்டு. அந்தக் காலத்தில் கடையில் ஈ ஓட்டினோம் என்று சொன்னால் மிகையில்லை. கார்த்திகை மாதம், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு நாள், வயதான சர்தார்ஜி ஒருவரும் அவர் மனைவியும் மழைக்காக எங்கள் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். ஜலந்தர் பக்கம் என்றார்கள். குருத்வாராவுக்குப் போக வேண்டும். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கடையில் வியாபாரமும் இல்லை. நானே என் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எங்களிடம் ஒரு பழைய மாருதி ஆம்னி உண்டு, சரக்கு ஏற்ற வைத்திருப்பது. சங்கு மூட்டைகளை ஒதுக்கி அவர்களை உட்கார வைத்தேன்.

வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். அந்த அம்மா இறங்கியதும், "பேட்டா, நீயும் வா" என்றார். "கடை இருக்கு மாதாஜி" என்றேன். "இந்த மழையில் யார் சங்கு வாங்க வரப்போறாங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. இறங்கினேன்.

துணி சுற்றிய கொடிமரம் வாசலிலேயே நம்மை வரவேற்கிறது. நிஷான் சாகிப் என்று அதற்கும் மரியாதையான பெயர். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆண், பெண், சீக்கியர், மற்றவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. துணி இல்லாதவர்களுக்கு அங்கேயே கொடுப்பார்கள். என் தலையில் துணி நிற்கவில்லை, சர்தார்ஜியே பின்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டார். சட்டைப் பையில் புகையிலை, பீடி இருந்தால் வெளியே வைத்துவிடச் சொன்னார். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

உள்ளே விக்ரகம் தேடிய என் கண்ணுக்கு ஒரு புத்தகம்தான் கிடைத்தது. மேலே விதானம், கீழே மெத்தை, பட்டுத் துணி போர்த்திய குரு கிரந்த சாகிப். பக்கத்தில் ஒருவர் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். ராஜாவுக்குச் செய்கிற மரியாதையெல்லாம் ஒரு புத்தகத்துக்கு. 1604இல் ஐந்தாவது குரு அர்ஜன் தேவ் தொகுத்த நூல் இது. பத்தாவது குரு கோவிந்த் சிங் 1708இல், இனி ஆள் யாரும் குரு இல்லை, இதுவே குரு என்று சொல்லிவிட்டார். பாரதி பாடிய அதே குரு கோவிந்தர்தான். இப்போது அச்சாகும் கிரந்தம் 1430 பக்கம். அதில் சீக்கிய குருமார் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், மராட்டியத் தையற்காரர் நாமதேவர், முஸ்லிம் ஞானி ஃபரீத் எல்லாருடைய வாக்கும் உண்டு. குயவரும் வண்ணாரும் வேடரும், நம் கடற்கரை மீனவர் அதிபத்தரும் ஒரே வரிசையில் நிற்கிற அறுபத்துமூவரைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கிரந்தத்தை நோக்கிக் கால் நீட்டக் கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு. கொஞ்ச நேரத்தில் கடா பிரசாத் வந்தது. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு போட்டுக் கிண்டியது, உள்ளங்கையில் நெய் வழியும். இது வரைக்கும் சிக்கல் இல்லை. பிரசாதம் வாங்குவது நமக்குப் பழக்கம்தானே.

சிக்கல் லங்கர் என்கிற பொதுப் பந்தி நடக்கும் கூடத்தில் வந்தது. நீளமான பாய் விரிப்பு, அதில் வரிசையாக ஆட்கள். குழி குழியான எவர்சில்வர் தட்டு முன்னால் வைத்தார்கள். பருப்பு விழுந்தது, ஒரு கறி விழுந்தது. அப்புறம் கூடையில் ரொட்டியோடு ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயது இருக்கும். "பர்ஷாதா" என்றான். நான் வலது கையை நீட்டினேன். இடது கை மடியில் இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் இடது கையை முன்னால் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பையன் ரொட்டியைப் போடவில்லை. சிரித்தபடி குனிந்தே நின்றான். தட்டில் வைக்கட்டுமே என்று தட்டைக் காட்டினேன். அப்போதும் போடவில்லை. பக்கத்தில் சர்தார்ஜி தன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவர், ஜலந்தரில் நல்ல நிலபுலன் உள்ளவர் என்று வண்டியில் வரும்போதே தெரிந்துகொண்டிருந்தேன். அவர் கையில் ரொட்டி விழுந்தது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

எனக்குக் கை எழவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு ரொட்டிக்கு இவ்வளவா என்று. "யார் கிட்டயும் கையேந்தி நிக்காதடா" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார் அப்பா. கடனுக்குச் சரக்கு எடுக்க மாட்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் இலையில் உட்கார மாட்டார். கோயில் அன்னதானத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டுவார், அந்தப் பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அது இல்லாதவர்களுக்கு, நமக்கு எதற்கு என்பார். நானும் அப்படியே. கொடுக்கிற இடத்தில் நின்றுதான் எனக்குப் பழக்கம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கை எப்போதும் மேலே இருக்கும்.

பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் பருப்பு வாளிக்காரர் காத்திருந்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். சூடான ரொட்டி விழுந்தது. அவன் அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் காது சூடாகியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கை பர்ஸைத் தேடியது. எவ்வளவு போட்டால் சரியாக இருக்கும் என்று மனசு கணக்குப் பார்த்தது. மூன்று ரொட்டி, பருப்பு, கறி, பாயசம், ஓட்டலில் இவ்வளவு ஆகும், அதற்கு மேல் கொஞ்சம். உண்டியல் எங்கே என்று சர்தார்ஜியிடம் கேட்டேன். "போடணும்னா அந்தப் பக்கம் இருக்கு. ஆனா சாப்பாட்டுக்குன்னு நெனச்சுப் போடாதீங்க" என்றார். சரி, தட்டாவது கழுவிக் கொடுக்கிறேன் என்று தொட்டிப் பக்கம் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் நின்று கழுவிக்கொண்டிருந்தார்கள், அதில் காரில் வந்து இறங்கியவர்களும் இருந்தார்கள். மாதாஜி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "இன்னைக்கு நீ விருந்தாளி. கழுவறது இன்னொரு நாள்" என்றார். ஆக, கொடுத்துக் கணக்கை நேர்செய்ய எனக்கு ஒரு வழியும் விடவில்லை. சாப்பிட்டவனாகவே வெளியே வந்தேன்.

அன்று ராத்திரி முழுக்க அது நெருடிக்கொண்டே இருந்தது. மறுவாரமே திரும்பப் போனேன், இந்த முறை தட்டுக் கழுவ. அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். அங்கே சேவை செய்கிறவர்கள் சொல்லக் கேட்டும், தேடிப் படித்தும் சில விஷயங்கள் பிடிபட்டன.

குரு நானக் 1469இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தல்வண்டியில் பிறந்தவர். அப்பா கணக்குப்பிள்ளை. பையன் வியாபாரம் கற்றுக்கொள்ளட்டும் என்று இருபது ரூபாய் முதல் கொடுத்து, லாபம் தரும் சரக்காகப் பார்த்து வாங்கி வா என்று அனுப்பினாராம். பையன் வழியில் பசியோடு கிடந்த சாதுக்களுக்குச் சாப்பாடு வாங்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். இதைவிட நல்ல வியாபாரம் எது என்று கேட்டானாம். வியாபாரி மகன் என்கிற முறையில் என் அனுதாபம் முதலில் அந்த அப்பாவுக்குத்தான் போனது. ஆனால் லங்கர் என்கிற வழக்கத்துக்கு விதை அங்கேதான் என்று சீக்கியர்கள் சொல்கிறார்கள். அதை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் மூன்றாவது குரு அமர்தாஸ். முதலில் பந்தி, அப்புறம்தான் தரிசனம் என்பது அவர் வைத்த நடைமுறை. அக்பரே கோயிந்தவாலுக்கு வந்தபோது வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் குருவைப் பார்த்தார் என்பது அவர்கள் மரபு.

யோசித்தால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அக்பரை உணவு போட வைத்திருக்கலாம். ராஜாவுக்கு அது சுலபம், அள்ளிக் கொடுத்தால் பெயரும் கிடைக்கும். தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் என்று தெரியாமல், போட்டதைச் சாப்பிடச் சொன்னார்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த தேசத்தில், யார் கொடுக்கிறான் என்பதைவிட யார் பக்கத்தில் உட்கார்ந்து வாங்குகிறான் என்பதில்தான் விஷயமே இருந்தது.

நானக் தன் வாழ்நாளில் பல வருஷங்களை நடந்தே கழித்தவர். அவருடைய நெடுநாள் துணை மர்தானா, ரபாப் வாசிக்கும் முஸ்லிம். தெற்கே வந்த பயணத்தில் இலங்கைக்குப் போய் சிவநாப் என்கிற அரசனைச் சந்தித்துவிட்டு, திரும்பும் வழியில் ராமேஸ்வரத்தில் தங்கினார், அது 1511 வாக்கில் என்பது குருத்வாரா மரபு. ஜனம்சாகி என்கிற வரலாற்றுக் கதைகள் நானக் காலத்துக்கு வெகு பிந்தி எழுதப்பட்டவை. அதனால் டபிள்யூ.எச். மெக்லியோட் போன்ற ஆய்வாளர்கள் இலங்கைப் பயணத்தை ஏற்கவில்லை. கல்வெட்டு காட்டு என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் இலங்கையிலிருந்து வருகிறவன் இந்தக் கரையில் ஏறுவது அதிசயமில்லை. 1897 ஜனவரியில் விவேகானந்தர் அப்படித்தான் பாம்பனில் வந்து இறங்கினார், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கிற வரைக்கும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது.

1511 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் பெருமையடிக்கிற மூன்றாம் பிரகாரம் அப்போது இல்லை, அது 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதிகளின் வேலை. பாலம் இல்லை, முதல் ரயில் பாலமே 1914இல்தான். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே தோணிதான். பஞ்சாபிலிருந்து நடந்து வந்த ஒருவர் இந்தத் தீவில் சில நாள் தங்கினார் என்றால், அவருக்கு இங்கே யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். யாரோ தண்ணீர் மொண்டு கொடுத்திருக்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் அவரும் கை நீட்டித்தான் வாங்கியிருப்பார். லங்கர் வைத்த மரபின் முதல் குரு, எங்கள் ஊரில் விருந்தாளி. இதை நினைத்த பிறகு அந்தக் கட்டடம் "அவர்கள் கோயில்" என்று எனக்குப் படவில்லை.

விருந்து என்றதும் எங்கள் சீமைக்காரர்களுக்கு இளையான்குடி மாறன் நினைவுக்கு வராமல் போகாது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தான் இளையான்குடி. அள்ளி அள்ளிப் போட்டே ஏழையாகிப்போன அந்த நாயனார் வீட்டுக்கு ராத்திரி, கொட்டுகிற மழையில் ஒரு சிவனடியார் வருகிறார். வீட்டில் மணி அரிசி இல்லை. மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார். வீட்டுக் கூரையை அறுத்து விறகாக்குகிறார். மனைவி அந்த நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்குகிறார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. எத்தனையோ தடவை கேட்டும் என் கண் மாறனார் மேலேயே இருந்தது. அன்றைக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவரைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. வந்தவர் சிவன். ஒன்றும் இல்லாதவன் வீட்டில் போய், பசிக்கிறது என்று நிற்கக் கடவுளுக்குக் கூச்சம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

இதையெல்லாம் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் உதவியது வேறு சமயத்தில். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த நாட்கள் வந்தன. நோன்பு மாதம். பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புவார். எங்கள் வீட்டு வழக்கப்படி வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. முன்னெல்லாம் என்றால் ஓடிப்போய் அரைக் கிலோ இனிப்பாவது வாங்கிப் போட்டு அனுப்பியிருப்பேன். கொஞ்சம் அதிகமாகவே. அன்பாக இருக்கலாம், ஆனால் அதில் "உங்களுக்கு நாங்கள் ஒன்றும் பாக்கி இல்லை" என்கிற கணக்கும் இருந்தது. அந்தத் தடவை வாளியைக் கழுவி, வெறுமனே கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா, நாளைக்கும் குடுத்து விடுங்க. அம்மா அதைத்தான் குடிக்கிறாங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எந்த இனிப்புப் பொட்டலத்துக்கும் நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

கொடுப்பதைப் பற்றி நம்மிடம் நீதி நூல்களும் கதைகளும் வேண்டுமளவு உண்டு. வள்ளல்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். வாங்கிக்கொள்வதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அதை இல்லாதவர்கள் தலையெழுத்து என்று ஒதுக்கிவிட்டோம். நானும் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். வாங்கத் தெரியாதவன் கொடுக்கும்போது, வாங்குகிறவன் கை எப்படி நடுங்கும் என்பது அவனுக்குத் தெரியாது. கடையில் இப்போது யாருக்காவது சும்மா ஒரு சோழி கொடுத்தால்கூட, அவர்கள் வாங்குகிற விதத்தைக் கவனிக்கிறேன். சிலர் சட்டென்று பர்ஸைத் திறப்பார்கள். அந்த அவசரம் எனக்குத் தெரிந்ததுதான்.

ராமேஸ்வரம் வருகிறவர்கள் தீர்த்தமாடி, சுவாமி கும்பிட்டு, தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் என்று சுற்றிவிட்டு ராத்திரியே கிளம்பிவிடுகிறீர்கள். நேரம் இருந்தால் குருநானக் தாமுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கைக்குட்டையை விடக் கொஞ்சம் பெரிய துணி ஒன்று இருந்தால் தலைக்கு ஆகும். உள்ளே போட்டோ எடுப்பதென்றால் கேட்டுக்கொண்டு எடுங்கள். லங்கரில் உட்கார்ந்தால் மீதம் வைக்காதீர்கள், வேண்டுமட்டும் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் கை தானாக நீளும். பெரியவர்களுக்குத்தான் சிரமம். ஓட்டலில் டிபனை முடித்துவிட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள். பசியோடு போங்கள்.